‘பாதிப் பேர் சாவார்கள்’ என்று அண்ணனோடு வாதாடலாமா?

கேள்வி: நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்கும் பெரியப்பா மகனுக்கும் சில மாதங்களாகவே சண்டை. பறவைக் காய்ச்சல் மனிதர்களிடையே பரவ ஆரம்பித்தால் நூற்றுக்கு ஐம்பது பேர் இறந்துபோவார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் போட்டேன். ‘2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று ஊரையே பயமுறுத்தினார்கள், என்ன ஆயிற்று? எல்லாம் மருந்துக் கம்பெனி வேலை’ என்றார் அண்ணன். 1918-இன் ஸ்பானிஷ் ஃப்ளூ பெருந்தொற்றைச் சொன்னால், ‘அப்போது ஆன்டிபயாடிக் ஏது?’ என்று மடக்குகிறார். அவர் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். போன வாரம் கோபத்தில் ‘மனசாட்சி இல்லாதவர்’ என்று எழுதிவிட்டேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம். யார் சொல்வது சரி டாக்டர்? அவருக்கு எப்படிப் புரியவைப்பது? வீட்டில் முட்டை வாங்குவதை நிறுத்தியிருக்கிறேன், அது சரியா? சர்க்கரை நோய் உள்ள என் எழுபது வயது அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் ஐம்பது சதவீதத்தைப் பார்ப்போம். கணக்கு ஆசிரியை என்பதால் உங்களுக்கு இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பறவைக் காய்ச்சலைத் தரும் எச்5என்1 வைரஸ் 2003-இலிருந்து மனிதர்களைத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனத்தின் பதிவில் இருப்பவர்கள் ஆயிரத்தை நெருங்குகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். இதுவரை உங்கள் பதிவு சரி. ஆனால் பின்னத்தில் கீழே இருக்கும் அந்த ஆயிரம் பேர் யார்? மூச்சு வாங்கி, நுரையீரல் கெட்டு, பெரிய மருத்துவமனைக்கு வந்து, அங்கே இந்த வைரஸைச் சந்தேகித்து மாதிரி அனுப்பும் மருத்துவரும், சோதிக்கும் ஆய்வகமும் வாய்த்தவர்கள். கம்போடியாவில் ஒரு கிராமத்துப் பையன் செத்த கோழியைத் தூக்கிப் போட்டு, இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து, எழுந்து விளையாடப் போயிருந்தால் அவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை மட்டும் எண்ணி, உங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அடாவடி என்று ஒருவர் எழுதினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

2024-இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு இந்த வைரஸ் பரவியபோது, மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் பாதிக்கப்பட்ட பண்ணைகளின் தொழிலாளர்கள் 115 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 8 பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. அதாவது தொற்று வந்து போயிருக்கிறது. அந்த எட்டில் நான்கு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போன ஞாபகமே இல்லை. அந்த நாட்டில் அதிகாரபூர்வமாகத் தொற்று உறுதியான சுமார் எழுபது பேரில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததோடு சரி. 2025 ஜனவரியில் லூசியானாவில் ஒருவர் இறந்தார்.

ஆக, ‘அடுத்த பெருந்தொற்றில் பாதிப் பேர் சாவார்கள்’ என்பதற்கு அந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. அதற்காக அண்ணன் பக்கம் வெற்றி என்றும் சொல்லிவிட முடியாது. தொற்றியவர்களில் பத்தில் ஒருவர்தான் கண்ணில் படுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பது என்பது ஐந்தாகும். ஐந்து சதவீதம் என்பது எப்படிப்பட்ட பேரழிவு என்று 1918-ஐப் படித்த உங்களுக்குத் தெரியும். தவிர, ஒரு வைரஸ் மனிதர்களிடையே எளிதாகப் பரவக் கற்றுக்கொள்ளும்போது அதன் வீரியம் குறைந்தே தீரும் என்று இயற்கையில் சட்டம் ஒன்றும் இல்லை. குறையலாம், குறையாமலும் போகலாம். இந்தியாவிலேயே 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லி எய்ம்ஸில் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது.

இப்போது உங்கள் வகுப்புக்கு ஒரு கணக்கு. 1918 பற்றிய கட்டுரைகளில் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வரும். உலகில் 50 கோடிப் பேருக்குத் தொற்று. தொற்றியவர்களில் 2.5 சதவீதம் பேர் இறந்தார்கள். மொத்தம் 5 கோடிச் சாவு. மூன்றும் ஒரே பத்தியில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 50 கோடியில் 2.5 சதவீதம் எவ்வளவு? ஒன்றேகால் கோடி. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டுமே 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அப்படியென்றால் மிச்ச உலகத்தில் ஒருவரும் சாகவில்லையா? வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து, வெவ்வேறு முறையில் கணக்கிட்ட எண்களை எடுத்து யாரோ ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் அதையே நகலெடுத்தார்கள். உலகம் முழுவதற்கும் 1.7 கோடி என்று சொல்பவரும் இருக்கிறார், 10 கோடி என்று சொல்பவரும் இருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால் நடந்து முடிந்த ஒன்றுக்கே இவ்வளவு இடைவெளி என்றால், வராத நோய்க்கு ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தங்கை உறவை முறித்துக்கொள்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணில்தான் சந்தேகம், நடந்ததில் இல்லை. இன்றைய இந்திய நிலப்பரப்பை வைத்துப் பார்த்தால், 1911-ஐ விட 1921 கணக்கெடுப்பில் மக்கள்தொகை குறைந்திருந்தது. முந்தைய கணக்கெடுப்பைவிட மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான் என்று எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. அதில் பெரும்பங்கு இந்தக் காய்ச்சலுக்கு.

அண்ணனின் வாதங்களுக்கு வருவோம். ஆன்டிபயாடிக் பற்றி அவர் சொன்னது நியாயமான பேச்சு, அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். 1918-இல் இறந்தவர்களின் பாதுகாத்து வைத்த நுரையீரல் திசுக்களை மறுபடி ஆராய்ந்து 2008-இல் வெளியான ஒரு கட்டுரை, பெரும்பாலோர் வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவில்தான் இறந்தார்கள் என்று காட்டியது. பென்சிலின் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். 1957-இலும் 1968-இலும் ஃப்ளூ பெருந்தொற்று வந்தபோது ஆன்டிபயாடிக் கடையில் கிடைத்தது. அந்த இரண்டு பெருந்தொற்றுகளிலும் உலகில் தலா பத்து லட்சம் பேர் அளவில் இறந்ததாகத்தான் மதிப்பீடு. 1957-இல் அந்தக் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் எது தெரியுமா? நம் சென்னைத் துறைமுகம்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த பயணிகள் கப்பலில் வந்து இறங்கியது. மருந்து இருப்பது ஒன்று, எல்லோரும் ஒரே மாதத்தில் படுக்கும்போது அது எல்லோருக்கும் கிடைப்பது இன்னொன்று. 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு எப்படி அலைந்தோம் என்பதை நான் உங்கள் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘2009-இல் என்ன ஆயிற்று?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆய்வகத்தில் உறுதியான சாவு 18,449 என்று அப்போது அறிவித்தார்கள். அதைத்தான் அவர் ‘இவ்வளவுதானா’ என்கிறார். பிற்பாடு செய்த மதிப்பீட்டின்படி முதல் வருடத்தில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் இடையில். சாதாரண ஃப்ளூ எந்த ஆரவாரமும் இல்லாமல் வருடந்தோறும் 2.9 லட்சத்திலிருந்து 6.5 லட்சம் பேரைக் கொண்டுபோகிறது. எண்ணிக்கையில் 2009 ஒன்றும் பெரிதாக மிஞ்சிவிடவில்லை என்று அண்ணன் சொன்னால் அது உண்மைதான். வித்தியாசம் யார் இறந்தார்கள் என்பதில். சாதாரண வருடங்களில் பெரும்பாலும் முதியவர்கள். 2009-இல் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் 65 வயதுக்குக் கீழே: கர்ப்பிணிகள், வேலைக்குப் போகும் வயதினர், பள்ளிப் பிள்ளைகள். அப்புறம், அந்த வைரஸ் எங்கேயும் போய்விடவில்லை. 2015-இல் மட்டும் இந்தியாவில் 42,000-க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியாகி, மூவாயிரத்தை ஒட்டி இறந்தார்கள். இன்றைக்கும் மழைக்காலத்தில் நம் வார்டுகளுக்கு வரும் ஃப்ளூவில் ஒரு பகுதி அதன் வாரிசுதான்.

மருந்துக் கம்பெனி விஷயத்தில் அவர் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்ன அவசரக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்த 2010 ஆகஸ்ட் வரை வெளியிடவே இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றப் பேரவை ஒன்றில் அது விவாதமாகி, கண்டன அறிக்கையும் வந்தது. நாடுகள் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்த ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையின் முழு ஆய்வுத் தரவுகளைப் பெற மருத்துவ ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவற்றை அலசிய முடிவு 2014-இல் வெளியானபோது, சாதாரண ஃப்ளூ உள்ள பெரியவர்களுக்கு அது நோய் நாளை ஏழிலிருந்து 6.3 ஆகக் குறைக்கிறது என்று தெரிந்தது. அரை நாளுக்குக் கொஞ்சம் மேல்! இதையெல்லாம் நானே சொல்கிறேன். ஆனால் ஒருவன் தீயணைப்புக் கருவி விற்றுக் கொள்ளை லாபம் பார்த்தான் என்பதால் தீ பொய்யாகிவிடாது.

உங்கள் அண்ணனுக்கு 1976 தெரிந்திருந்தால் 2009-ஐ விட்டுவிட்டு அதைத்தான் எடுத்திருப்பார். அமெரிக்காவில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றி வைரஸால் ஒரு சிப்பாய் இறந்தார். 1918 திரும்புகிறது என்று பயந்து நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் வீதம் கூடுதலாக, கில்லன்-பாரே என்ற, கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் வந்தது. பெருந்தொற்று வரவேயில்லை. எங்கள் துறையில் இருப்பவர்கள் இதை மறப்பதில்லை. ‘வரும் வரும்’ என்று சொல்பவருக்கும் பொறுப்பு இருக்கிறது.

சரி, இவ்வளவு குழப்பத்தில் எதைப் பிடித்துக்கொள்வது? எனக்குப் பிடித்த உதாரணம் சமோவா.

பசிபிக் கடலில் சமோவாத் தீவுக்கூட்டம் 1918-இல் இரண்டு நிர்வாகங்களின் கீழே இருந்தது. மேற்குப் பகுதி நியூசிலாந்திடம், கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படையிடம். 1918 நவம்பர் 7-ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து டாலூன் என்ற கப்பல் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். இறங்க அனுமதித்துவிட்டார்கள். சில வாரங்களுக்குள் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள். சுமார் 8,500 பேர். பிணத்தை எடுக்க ஆள் இல்லை, சமைத்துப் போடவும் ஆள் இல்லை. அடுத்த தீவில், அமெரிக்க சமோவாவில், ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார், மேற்கிலிருந்து படகு வராமல் கரையைக் காவல் காத்தார்கள். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒரு சாவு கூட இல்லை. அதே வைரஸ், அதே இன மக்கள், அதே கடல். 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஒரு வைரஸ் எத்தனை சதவீதம் பேரைக் கொல்லும் என்று கேட்கிறீர்கள். 1918-இன் வைரஸ் மேற்கு சமோவாவில் மக்கள்தொகையில் இருபதுக்கு மேல், கிழக்கில் பூஜ்யம். இந்தியாவுக்குள்ளேயே பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணங்களும் பட்ட பாட்டைச் சென்னை மாகாணம் படவில்லை. அந்த வருடம் பருவமழை பொய்த்து, தானியம் விலையேறி, மக்கள் அரைவயிறாகக் கிடந்தபோது இரண்டாவது அலை வந்தது. எண் வைரஸின் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. நீங்கள் இருவரும் அது எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒருவர் ஐம்பது என்கிறீர்கள், ஒருவர் சைபர் என்கிறீர்கள்.

குழுவில் இனி என்ன எழுதினால் யாரும் மடக்க முடியாது என்றால், இதை எழுதலாம்: ‘1918, 1957, 1968, 2009 என்று நூறு வருடத்தில் நான்கு முறை வந்திருக்கிறது. இன்னும் வரும். எந்த வருடம், எந்த வைரஸ், எவ்வளவு கடுமை என்று யாராலும் சொல்ல முடியாது. தடுப்பூசி தயாராகிப் பரவலாகக் கிடைக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்துக்கு ஆஸ்பத்திரியும் அரசும் தயாரா என்பதுதான் கேள்வி.’ ஐம்பது சதவீதம் அளவுக்கு இது பயமுறுத்தாது. யாரும் ஃபார்வர்ட் செய்யவும் மாட்டார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். அண்ணனுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமாகப் பட்டது அதுதான்.

2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கோழிகளுக்கு எச்5என்1 வந்தபோது, இந்தியா முழுக்கக் கறிக்கோழி, முட்டை விலை சரிந்தது. நவாப்பூர் எங்கே, நாமக்கல் எங்கே? ஆலப்புழையில் வாத்துகள் செத்தால் இங்கே வாளையார் சோதனைச் சாவடியில் லாரிக்கு மருந்தடிக்கிறார்கள். முட்டை ஏற்றிப் போன வண்டி திரும்பும்போது காலி அட்டையோடு எதைக் கொண்டுவருகிறதோ என்று பண்ணைக்காரர்கள் தூங்காமல் கிடக்கிறார்கள். ஒரு பண்ணையில் நோய் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்தனை கோழியையும் அழிப்பது விதி, நோய் இல்லாத கோழியையும் சேர்த்துத்தான். இழப்பீடு உண்டு. அது போதவில்லை என்ற புலம்பலும் உண்டு. நீங்கள் கோவையில் உட்கார்ந்து ‘பாதிப் பேர் சாவார்கள், முட்டை சாப்பிடாதீர்கள்’ என்று போடும் ஒவ்வொரு ஃபார்வர்டும் அவருக்குத் தீவனக் கடன், வங்கித் தவணை. அவர் வைரஸை மறுக்கவில்லை, உங்கள் பதிவால் விலை விழுவதை மறுக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்டவரை ‘மனசாட்சி இல்லாதவர்’ என்றது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். முதலில் போனில். பிறகு, எழுதியது நாலு பேர் முன்னால் என்பதால், குழுவிலும் ஒரு வரி.

போனில் வைரஸைப் பற்றிப் பேசாதீர்கள், பண்ணையைப் பற்றிக் கேளுங்கள். ஷெட்டுக்குள் காக்கை, கொக்கு வராமல் வலை கட்டியிருக்கிறாரா, வாசலில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டி இருக்கிறதா, வெளி வண்டிகளை உள்ளே விடுகிறாரா, ஒரே நாளில் பத்துக் கோழி செத்தால் யாருக்குச் சொல்கிறார், அதை யார் கையால் எடுக்கிறார். இதற்கெல்லாம் அவரிடம் உங்களைவிடவும், ஏன் என்னைவிடவும், நல்ல பதில் இருக்கும். பெருந்தொற்றைத் தடுக்கும் வேலையில் அவர் வாசலில் நிற்பவர். அவர் தொட்டியில் மருந்து ஊற்றுவது உங்கள் ஆயிரம் பதிவுகளைவிட மேல். ஒரே ஒரு விஷயம் மட்டும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பண்ணையில் கோழிகள் திடீரென்று செத்து, அடுத்த சில நாட்களில் அங்கே வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், மருத்துவரிடம் கோழி செத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்களுக்குச் சந்தேகமே வராது. மேலே நான் குறை சொன்ன அதே ஓசெல்டாமிவிரை இந்த இடத்தில் நாங்கள் தயங்காமல் கொடுப்போம். இது சாதாரண ஃப்ளூ இல்லை, மாத்திரையும் முதல் இரண்டு நாளுக்குள் போனால்தான் நல்லது.

முட்டையை நிறுத்தியது தேவையில்லாதது. நன்றாக வேகவைத்த முட்டையிலும் கறியிலும் இந்த வைரஸ் பிழைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் கோழிகளுக்கு நோய் என்று செய்தி இருக்கும்போது மட்டும் ஆஃப் பாயிலையும் பச்சை முட்டையையும் தள்ளிவையுங்கள். பச்சைக் கறியை வெட்டிய பலகையையும் கையையும் கழுவுங்கள், அது எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

அம்மாவுக்கு ஊசி கட்டாயம் போடலாம். எழுபது வயது, சர்க்கரை, இரண்டில் ஒன்று இருந்தாலே போடச் சொல்வேன். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது, வருடாவருடம் வரும் ஃப்ளூவுக்கானது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு வருடமும் புது ஊசி போட வேண்டும். பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். அந்த வருடத்துக்கான ஊசிதானா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிடுவது வழக்கம். உங்கள் வீட்டில் அடுத்த மாதம் கல்யாணக் கூட்டம் வேறு. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். அதனால் மழைக்காலத்துக்குக் காத்திருக்காமல், இந்த வாரமே அம்மாவை அழைத்துப்போய்ப் போட்டுவிடுங்கள். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் ஏதாவது இருந்தால் மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போடலாம்.